நாற்பத்தொன்றாம் கல்

மதுரை,
11-2-1952

அன்னக்கொடிக்கு,

நான் சுகம், அங்கே எல்லோரும் சுகமா என்று எழுதிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும் என்பார்கள். எழுதிவிட்டேன்.

பதினைந்து மாதம் கழித்து எழுதுகிறவன் ஏதோ சோலியாகத்தான் எழுதுவான் என்று நினைப்பாய். அது சரிதான். யுத்தத்தின்போது பிடுங்கிக்கொண்டு போன போடி ரயில் பாதையைத் திரும்பவும் போடப் போகிறார்கள். கூடவே ஊருக்கு மேற்கே, உன் அண்ணன் வயலை ஒட்டி, ஒரு சரக்கு நிலையமும் வருகிறது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயும் காப்பியும் லாரியில் மதுரை வரை வராமல் அங்கேயே ரயிலில் ஏற வேண்டும் என்பது திட்டம். எங்கள் சர்வே ஆபீசில் அந்தப் படத்தை நான்தான் வரைகிறேன்.

படத்தில் ஒரு அளவு உதைக்கிறது. பழைய பாதையின் ஓரத்தில் இருநூறு அடிக்கு ஒன்றாக எல்லைக்கல் நட்டிருந்தார்கள். நாற்பதாம் கல்லுக்கும் நாற்பத்தொன்றாம் கல்லுக்கும் இடையே எனக்கு நூற்று எழுபத்து நான்கு அடிதான் வந்தது. இருபத்தாறு அடியைக் காணோம். அந்த நாற்பத்தொன்றாம் கல்தான் சரக்கு நிலையத்தின் மேற்கு மூலை. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளந்து போட்டிருக்கிறேன். எங்கள் எஞ்சினியர் படத்தைப் பார்த்துவிட்டு, “கல்லுக்குக் கால் முளைச்சிருச்சா பால்சாமி?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் அளவுச் சங்கிலி பிடிக்க ஆரம்பித்த இந்தப் பத்து வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை.

அந்தக் கல் உங்கள் வயலின் தென்னோரத்தில் படுத்துக் கிடக்கிறது. யாராவது அதை நகர்த்தினார்களா? வீட்டில் விசாரித்து எழுது.

பால்சாமி


போடிநாயக்கனூர்,
17-2-1952

மாமாவுக்கு அன்னக்கொடி எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. தபால்காரர் சீனிச்சாமி அதைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். நல்ல சேதி என்று நினைத்திருப்பார். உள்ளேயிருந்து அம்மா, “என்னத்தா எழுதியிருக்காரு?” என்று கேட்டாள். “ஒரு கல்லக் காணோமாம்” என்றேன். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

நீங்கள் தை மாதம் இங்கே வந்து போனது எனக்குத் தெரியும். பக்கத்து வயல் மொக்கம்மாள் அக்காள், கிணற்றடியிலிருந்து நேரே என்னிடம் ஓடி வந்தாள். “ஏண்டி, ஒம் புருசன் செவப்புக் கொடிய நட்டுக்கிட்டுத் திரியிறாரு. கல்லு மேல உக்காந்து இட்லிப் பொட்டலத்தப் பிரிச்சுத் திங்கிறாரு. வீட்டுக்கு வரலையா?” என்றாள். “சோலியா இருக்கும்க்கா” என்றேன். அரை மைல் தூரத்தில் நாலு நாள் கூடாரத்தில் படுத்திருந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்கப் போகிறேன். பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று மூன்று குவியல். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கை தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருக்கும். எத்தனை கழுவினாலும் விரலில் வாசம் போகமாட்டேன் என்கிறது என்று மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வாசமே தெரிவதில்லை. மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

பிள்ளை போன நாலாம் நாள் வந்தீர்கள். இரண்டு ராத்திரி இருந்தீர்கள். “அழுதா வந்திருமா?” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். அன்றைக்கு நின்ற அழுகைதான். நீங்கள் சொன்ன சொல்லை நான் அப்படியே கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார், ஒரு வருஷத்துக்கு மேலாக இறங்கி வரவே இல்லை. அதனால் கேட்கவும் ஆள் இல்லை.

அன்னக்கொடி


மதுரை,
22-2-1952

அன்னக்கொடிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது.

நான் வந்தது உண்மை. முதல் நாள் சாயங்காலமே தெருமுனை வரை வந்தேன். உங்கள் வீட்டு உத்தரத்தில் தொட்டில் கயிறு அறுத்த தடம் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு ராத்திரியும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். மறுபடி அதன் கீழே உட்கார்ந்து உன் கையால் காப்பி வாங்கிக் குடிக்க என்னால் முடியாது என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை உன்னைப் பார்த்துச் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டது வாய்க்கு வெளியே வந்துவிட்டது.

இப்போது கேட்கப் போவதை நேரில் கேட்க எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நேற்றுப் படத்துக்கு மை போடும்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையை அண்ணன் வயலோரத்தில்தான் வைத்தார்கள் என்று கேள்வி. சரக்கு நிலையத்தின் மேற்கு மூலை ஏலக்காய் வண்டிகளும் லாரிகளும் வந்து திரும்பும் வெளி. அங்கே அரையடி ஆழம் தோண்டிக் கப்பிக்கல் போட்டு உருளை ஓட்டுவார்கள். பிள்ளை இருக்கும் இடம் அதற்குள் விழுகிறதா, வெளியே நிற்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். வரப்பிலிருந்து எத்தனை அடி, வாய்க்காலிலிருந்து எத்தனை அடி என்று காலால் அளந்தாவது எழுது. படம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

பால்சாமி


போடிநாயக்கனூர்,
27-2-1952

மாமாவுக்கு,

எத்தனை அடி என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது.

பால்குடிப் பிள்ளையை வைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். உங்கள் ஊர் தேவாரத்திலும் இதே வழக்கம்தானே. அன்றைக்கு அண்ணன் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டியதைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது கையில் கடப்பாரை மட்டும் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

தகப்பனுக்கு மட்டும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உங்கள் மேல் எனக்கிருந்த பெரிய வருத்தம் நீங்கள் சொன்ன வார்த்தையில் இல்லை. பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எனக்குச் சொல்லாமல் மதுரையில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான். என்றைக்காவது ஒருநாள் மனசு இறங்கிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இப்போது நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். பெற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினேன். பிறகு கிட்டங்கிக்கு நேரமாயிற்று, போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு பஸ் ஏறுகிறேன். அண்ணனைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்,
3-3-1952

மாமாவுக்கு,

போய் வந்தேன். மெட்டில் பஸ்சை விட்டு இறங்கி, கூலியாட்களை ஏற்றிப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். அண்ணன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும், “அம்மாவுக்கு எதுவுமா?” என்றுதான் கேட்டார்.

“அம்மா நல்லாருக்கு. பிள்ளைய எங்கண்ணே வச்ச?” என்றேன். நின்றபடியே கேட்டுவிட்டேன். உட்கார்ந்தால் கேட்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் விறகைக் கீழே போட்டார். “ஒனக்குச் சொல்லக் கூடாது ஆத்தா.”

“ரயிலு வருதுண்ணே. அது மேல வண்டி ஓட்டப் போறாக.”

அதற்குப் பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்னைக்கு மழையில மண்ணு சேறாக் கெடந்துச்சு. எத்தன ஆழம் தோண்டுனாலும் நரி தோண்டிரும்னு பயம். மேல வைக்க ஒரு கல்லு இல்ல. நம்ம வயல்ல எங்க கல்லு இருக்கு? மேக்க பாத்தா தண்டவாளம் பிடுங்குன கரையில ரயில்காரன் கல்லு சாஞ்சு நின்னுச்சு. சர்க்காரு கல்லு, ஒருத்தனும் தொடமாட்டான்னு கடப்பாரையால நெம்பி உருட்டியாந்து பிள்ள மேல வச்சுட்டேன். ஒத்த ஆளா உருட்டுனேன் ஆத்தா.”

“அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்ல?” என்றேன்.

“மாப்ள கேக்கவே இல்லையே. கேக்காத மனுசங்கிட்ட நானாப் போயி எப்படிச் சொல்றது? இங்கருந்து பாத்தா கீழ வயலு தெரியுது. அதான் எறங்கி வாரதில்ல” என்றார். பிறகு என் தலையைத் தொட்டு, “சாரமில்ல, சாரமில்ல” என்றார். பரவாயில்லை என்பதை மலையாளத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்களாம், பழகி அந்தப் பேச்சு வந்துவிட்டது.

உங்கள் நாற்பத்தொன்றாம் கல் இருபத்தாறு அடி நகர்ந்த கதை இதுதான். எஞ்சினியரிடம் கால் முளைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இறங்கி வந்ததும் நேரே வயலுக்குப் போனேன். தாய் போகக் கூடாதுதான், போய்விட்டேன். கல்லைத் தொட்டேன். வெயிலில் சுட்டது. ஏதாவது ஆகும் என்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்ந்ததும் வந்துவிட்டேன்.

அன்னக்கொடி


மதுரை,
8-3-1952

அன்னக்கொடிக்கு,

நான் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். நாலு நாளும் அதில்தான் உட்கார்ந்தேன். சங்கிலியின் முளையை அதன் ஓரத்தில்தான் அடித்தேன். வீட்டுக்கு வரப் பயந்து அங்கே இருந்தேன், பிள்ளையின் மேலேயேதான் இருந்திருக்கிறேன். இதை எழுதிவிட்டு ஒருமணி நேரமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பில் எங்கேயும் ஒன்றும் உறைக்கவில்லை. உனக்கு ஏலக்காய் வாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அது என்ன என்று இப்போது தெரிகிறது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இப்போதுள்ள படத்தில் கல் கிடக்கும் இடம்தான் மேற்கு மூலை. மூலைக்கல்லை யாரும் தோண்டமாட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கல்லை அதன் பழைய இடத்துக்கு நகர்த்தி நான் படத்தைத் திருத்தினால், மூலை இருபத்தாறு அடி மேற்கே போய்விடும். பிள்ளை இருக்கும் இடம் வண்டி திரும்பும் வெளிக்குள் விழும்.

திருத்தாமலும் விடலாம். கல் சரியாகத்தான் இருக்கிறது, பழைய படத்தில்தான் பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதினால் நம்புவார்கள். இதுவரை தரையில் இல்லாததை நான் படத்தில் போட்டதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலையத்தின் நீளம் மாறாது. மேற்கு மூலை இப்போதிருக்கும் இடத்திலேயே இருந்தால், கிழக்குக் கோடி மொக்கம்மாள் அக்காவின் கிணற்றின் மேல் வருகிறது. கிணற்றைத் தூர்த்துவிடுவார்கள். படத்தைத் திருத்தினால் கிணறு தப்பிக்கும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்த ஒன்றை நீயே சொல்.

பால்சாமி


போடிநாயக்கனூர்,
14-3-1952

மாமாவுக்கு,

முடிவை என் தலையில் வைத்துவிட்டீர்கள். அதற்கு மட்டும் நான் வேண்டும். கடிதத்தை இரண்டு நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

அந்த இரண்டு நாளும் மொக்கம்மாள் அக்காள் கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு குறுக்கம் நிலமும் அந்தக் கிணறும்தான். புருஷனும் இல்லை. பிள்ளை போன அன்றைக்கு என்னைக் குளிப்பாட்டியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான், ஊற்றியதும் அவள்தான். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று, “என்னடி என் மொகத்தவே பாக்குற?” என்று கேட்டாள்.

திருத்திவிடுங்கள். கிணற்றை மூடி என் பிள்ளையைக் காப்பாற்றினால் அதன் பிறகு நான் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. மனசு கல்லாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்படி ஆகட்டும் என்று பிள்ளை போன அன்றைக்கு நானே கேட்ட வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னக்கொடி


மதுரை,
2-4-1952

அன்னக்கொடிக்கு,

படத்தைத் திருத்திவிட்டேன். எஞ்சினியரிடம், கல் நகர்ந்திருக்கிறது, கவனிக்காமல் அளந்தது என் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். யார் நகர்த்தியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னை இனிமேல் அளக்க வெளியே அனுப்பமாட்டார்களாம். ஆபீசிலேயே இருந்து வரைய வேண்டியதுதான். பரவாயில்லை.

திருத்தி முடித்த பிறகு அந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அப்போது ஒன்று தோன்றியது. வண்டி நிற்கும் வெளியில் மரம் இருந்தால் வெட்டமாட்டார்கள். மாட்டுக்கு நிழல் வேண்டுமே. படத்தில் சின்ன வட்டம் போட்டு ‘மரம், வெட்ட வேண்டாம்’ என்று எழுதிவிட்டால், சுற்றிலும் நாலடிக்குக் கல் கட்டிவிட்டு அதற்கு அப்பால்தான் கப்பி போடுவார்கள். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம்.

பிள்ளை இருக்கும் இடத்தில் வட்டம் போட்டுவிட்டேன். ஏழாம் நம்பர் மரம். தரையில் இல்லாததை முதல் தடவையாகப் படத்தில் போட்டிருக்கிறேன். தரையில் இருந்த ஒன்றைப் பதினைந்து மாதம் படத்தில் போடாமல் இருந்தவனுக்கு இது பெரிய பிழை இல்லை.

மே ஐந்தாம் தேதி எஞ்சினியர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வருகிறார். அதற்குள் அங்கே ஒரு மரம் இருந்தாக வேண்டும். கன்று போதாது. கை கனத்துக்குப் பூவரசங்கிளை ஒன்றைப் போத்தாக வெட்டி நட்டுவிடச் சொல். உன் அண்ணன் இறங்கி வருவாரா?

பால்சாமி


போடிநாயக்கனூர்,
7-5-1952

மாமாவுக்கு,

அண்ணன் இறங்கி வந்தார். பத்து நாள் இருந்தார். கல்லை அவரே உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நட்டார். நான் ஒரு பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கல் கிடந்த இடத்தில் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடந்தது. தலைமாடு எந்தப் பக்கம் என்று காட்டினார். ஓரடி தள்ளிப் பூவரசம் போத்தை நட்டோம்.

சித்திரை வெயிலில் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். மொக்கம்மாள் அக்காள் காலையும் மாலையும் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். யாருக்கு ஊற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியும், நான் சொல்லிவிட்டேன். கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. அதை நீங்களும் சொல்ல வேண்டாம்.

முந்தாநாள் உங்கள் எஞ்சினியர் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போத்தைச் சுற்றி நடந்தார். மூன்றே மூன்று இலை விட்டிருந்தது. “இதுதான் ஏழாம் நம்பரா?” என்று கூட வந்தவரைக் கேட்டார். அவர் முழித்தார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சினியர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, “மரந்தான், மரந்தான். கல் கட்டிருங்க” என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பவும் படித்தேன். பிள்ளை, பிள்ளை என்றே எழுதியிருக்கிறீர்கள். என் கடிதத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டிலும் ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, நான் உடைந்துவிடுவேன் என்று. இப்போது படத்தில் ஏழாம் நம்பர். உங்கள் அம்மாவின் பெயர், நீங்கள் ஆசையாக வைத்த பெயர். ஒரு தடவை எழுதுங்கள். நான் உடைந்தால் உடைந்துவிட்டுப் போகிறேன்.

அன்னக்கொடி


மதுரை,
12-5-1952
(தபால் கார்டு)

அன்னக்கொடிக்கு,

மருதாயி.

பெயரை நேராகத்தான் எழுதினேன். கார்டைத் திருப்பி விலாசம் எழுதும்போதுதான் எழுத்து கோணிப்போயிற்று, சீனிச்சாமி கேட்டால் என் எழுத்துதான் என்று சொல்லிவிடு.

ரயில் வர இன்னும் நாளாகும். சனிக்கிழமை பஸ்சில் வருகிறேன். வீட்டுக்குத்தான் வருகிறேன்.

பால்சாமி